ஒரகடத்தில் தம்பியும் அவன் போனும்

மலேசியாவில் நான் வாழ்க்கைப்பட்ட பினாங்கிலிருந்து புறப்பட்டது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி இசக்கி சென்னையை அடுத்த ஒரகடத்துப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறான். அவனால் அப்படி இருக்க முடிகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். முடியவில்லை என்று எனக்குத் தோன்றினால் சங்கரன்கோவிலில் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். வேலை, அறை எல்லாம் அத்தோடு சரி. இது அம்மா இட்ட உத்தரவு. "நீ சொன்னா கேப்பான்" என்றாள். பிடிவாதம் பிடித்தால் அவன் யார் சொல்லியும் கேட்டதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

இசக்கிக்கு ஆட்டிசம். இருபத்தாறு வயது. பேசுவான், எழுதுவான், கணக்கெல்லாம் நன்றாகப் போடுவான். ஆனால் ஒரு காரியம் முடிந்ததும் அடுத்தது என்ன என்பது அவனுக்குத் தானாக வராது. பல் தேய்த்து முடித்த பிறகு, யாராவது சொல்லும்வரை பிரஷ்ஷைப் பிடித்தபடி நிற்பான். அந்த 'யாராவது' ரொம்ப வருஷம் அம்மாவாக இருந்தாள். இப்போது அந்த இடத்தில் ஒரு போன். பயிற்சி நிலையத்து டீச்சர் ஒருவர் பழக்கிக்கொடுத்தது. வேளா வேளைக்கு மணி அடித்து, அதில் ஒரு படம் வரும். படத்தில் உள்ளதைச் செய்துவிட்டு 'முடிந்தது' என்று தொட்டால் அடுத்த படம். குளி, சட்டை போடு, அடுப்பை அணை, கதவைப் பூட்டு, இந்த பஸ்ஸில் ஏறு.

அம்மா போனில் விவரித்தபோது எல்லாம் நன்றாகத்தான் புரிந்தது. ஒரகடத்தில் இறங்கிய பிறகுதான் ஒன்றும் புரியாமல் போயிற்று.

முதல் குழப்பம் வழி. பினாங்கில் சந்துக்குக்கூடப் பெயர் உண்டு, அதைப் பலகையில் எழுதியும் வைத்திருப்பார்கள். இங்கே தெருவுக்குப் பெயர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. டயர் கம்பெனி தாண்டி, பஸ் கம்பெனிக்கு முன்னால், கண்ணாடி கம்பெனி எதிரில் என்றுதான் சொன்னார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயில் எந்தப் பக்கம் என்று ஒரு பையனிடம் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அந்த வழியாகப் போகலாம் என்று சொன்னான். சாலையின் ஒரு பக்கம் ஏரியும் கொக்குகளும். மறுபக்கம் முடிவே இல்லாத ஒரு மதில். மதில் முடிந்த இடத்தில் கலர் கலராகக் கொடி நட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கார அம்மா பெயர் சரோஜா. அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது வரிசையாகப் பத்து அறைகள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் தெற்கத்திப் பையன்கள். என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, இசக்கியோட அக்காவா நீ? மூஞ்சி அப்டியே கீது. போ போ, கடைசி ரூம்பு."

தம்பி கதவருகில் நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்தான். எட்டிப் பார்த்தேன். என் கல்யாணப் படம், கீழே இரண்டு வரி: 'அக்கா வருகிறாள். வா என்று சொல். சிரி.'

"வா" என்றான். சிரித்தான். 'முடிந்தது' என்று தொட்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற தம்பி. அந்தச் சிரிப்பை அவன் சிரித்தானா, போன் சிரிக்கச் சொன்னதா? அடுத்த படம் டீ. போட்டுக் கொடுத்தான், நன்றாகவே இருந்தது. அதற்கடுத்து 'அரை மணி நேரம் பேசு'. விமானத்தில் ஜன்னல் சீட்டா, என்ன சாப்பாடு, கீழே எத்தனை சக்கரம் என்று வரிசையாகக் கேட்டான். சக்கரத்தை நான் எண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. எழுந்து துணி துவைக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். வெள்ளை வெள்ளையாகக் கம்பெனி பஸ்கள் வந்து நின்று போயின. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. அவன் போனில் தன் பஸ்ஸின் முகப்புப் படத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து விட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்து அறைப் பையன் பாண்டி, பரமக்குடிக்காரன், அதே பஸ்தான். "நாங்க தூங்கி வழிஞ்சு மாத்தி ஏறிருக்கோம்க்கா. அண்ணன் மாத்தி ஏறுனதே இல்ல" என்றான். கார்களுக்கு வைப்பர் மோட்டார் செய்யும் கம்பெனி. பாகங்களைப் பிரித்துத் தட்டில் அடுக்குவது தம்பியின் வேலை.

அவன் போனதும் பசித்தது. 'தென்பாண்டி மெஸ்' என்ற பலகையைப் பார்த்து நுழைந்தேன். காலை ஏழு மணிக்கு ஆளாளுக்கு புரோட்டாவும் சால்னாவும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே இதே புரோட்டாவை ரொட்டி சானாய் என்று சாப்பிடும் பினாங்குக்காரிக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். இவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. அடுத்த மேசையில் இரண்டு வடக்கத்திப் பையன்கள் இந்தியில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னவென்று மெஸ்காரரிடம் கேட்டேன். "இன்னிக்கு செவ்வாயா புதனான்னு அவனுங்களுக்குள்ள தகராறு" என்றார். எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

அன்று வல்லக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல கூட்டம். உயரமான முருகன். சன்னதியில் நிற்கும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவன் இங்கேயே நன்றாக இருக்க வேண்டும் என்றா, சமத்தாக என்னோடு ஊருக்கு வர வேண்டும் என்றா? பின்னால் நின்ற பெண்மணி தள்ளினார். இரண்டையும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் நான் என் பெரிய காரியத்தைச் செய்தேன். பினாங்கிலிருந்து அவனுக்கென்று ஒரு புதுப் போன் வாங்கி வந்திருந்தேன். பெரிய திரை, முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா. அவனுடைய பழைய போனைப் பார்க்கவே சகிக்கவில்லை. பின்பக்கம் கேமராவைச் சுற்றி ஒரே பசை அழுக்கு, சுரண்டினாலும் போகவில்லை. இவ்வளவு நேரம் துணி துவைக்கிறவன் போனை இப்படியா வைத்திருப்பான் என்று நினைத்தேன்.

"பழசு இருக்கு" என்றான்.

"இது பெருசுல. படம் பளிச்சுன்னு தெரியும்."

"பழசுலயும் தெரியுது."

"அக்கா வாங்கிட்டு வந்துருக்கேம்லா."

பழைய போனை என் கையில் கொடுத்தான். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து படங்களை எல்லாம் புதுப் போனில் ஏற்றினேன். சிம்மையும் மாற்றினேன். இங்கே நான் வாங்கியிருந்த நம்பரையும் அதில் பதிந்தேன். பழையதை அலமாரியில் போட்டுச் சாத்தினேன். அன்றைக்குத்தான் வந்ததற்கு உருப்படியாக ஒன்று செய்ததாகத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் புதுப் போனோடு போனான். மத்தியானம் அலமாரிக்குள் மணி அடித்தது. திறந்தால் பழைய போன். அணைக்க மறந்திருந்தேன். சோற்றுத் தட்டின் படம், கீழே 'சாப்பிடு. தண்ணீர் குடி.' சிரித்துவிட்டேன். சரோஜா அம்மா கொடுத்திருந்த புளிச்சாதத்தை எடுத்து வைத்துச் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்து, அவனைப் போலவே 'முடிந்தது' என்று தொட்டேன்.

ஷிப்ட் முடிந்து பஸ் வந்தது. பாண்டி மட்டும் இறங்கினான்.

"அண்ணன் ஏறலக்கா. கேட்லயே நின்னுட்டாரு. வாங்கண்ணே வாங்கண்ணேன்னு கூப்புட்டுப் பாத்தேன், அசையல. டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு."

அவன் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். மறைக்கத் தெரியாமல் உளறிவிட்டேன். "நான் சொன்னேம்லா. பிள்ளைய நாளைக்கே கூட்டிட்டு வந்துரு" என்று அழுதாள். சரி என்று சொல்லிவிட்டேன். மனதார, சரி என்று.

ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். உள்ளே ஏற்கனவே நிறையப் பேர். டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஆள்.

"எந்த கம்பெனிக்கா?"

பெயரைச் சொன்னேன்.

"ஒன்னாவதா, ரெண்டாவதா?"

ஒரே பெயரில் இரண்டு கம்பெனி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாண்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவனைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. "பெருசு" என்றேன்.

"ஏறுக்கா, கேட்டாண்ட வுட்டுர்றேன்."

விட்டார். அங்கே தம்பி இல்லை. வாசலில் ஒரு டிரான்ஸ்பார்மர், குடை விரித்த இளநீர் வண்டி, எதிர்ப்புறம் கொரிய எழுத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகை. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே நிற்கவில்லை என்றார். சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அதற்குள் எங்கே நடந்து போயிருப்பான்?

போன் அடித்தது. பினாங்கிலிருந்து என் கணவர்.

"செல்வி, எங்க இருக்க? உன் தம்பி வீட்டுக்குப் போன் அடிச்சான்லா."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான். ஏதோ டீக்கடையிலேர்ந்து பேசினான். 'போன் பெட்டிக்குள்ள இருக்கு, சாவி வரல, நான் கேட்ல நிக்கேன், அக்காகிட்ட சொல்லிருங்க'ன்னான். நான் என்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள வச்சிட்டான்."

"நானும் கேட்லதான் நிக்கேன். அவனக் காணோமே!"

"ரெண்டு கேட் இருக்கும்போலலா" என்றார், கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. இளநீர்க்காரர் தன் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் இசக்கியே கூப்பிட்டான். புதுப் போனிலிருந்து.

"அக்கா, எங்க நிக்க?"

"கேட்லல."

"எந்த கேட்?"

"தெரியலயே."

"நின்ன எடத்துலயே நில்லு. அசையாத. முன்னால இருக்கத படம் எடுத்து அனுப்பு."

அவனுடைய போனில் 'வழி தவறினால்' என்று ஒரு படம் உண்டு. முந்தின நாள் நான்தான் அதைப் புதுப் போனில் ஏற்றினேன். அதிலிருந்த அதே வரிகளை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். டிரான்ஸ்பார்மரையும் இளநீர் வண்டியையும் கொரியப் பலகையையும் எடுத்து அனுப்பினேன். அசையாமல் நின்றேன்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"சாப்ட்டியால?"

"இல்ல."

"ஏன்?"

"மணி அடிக்கல."

மணி அடித்தது. அறைக்குள் அடித்தது. அதற்கு நான் சாப்பிட்டேன், அவனுக்குப் பதிலாகத் தண்ணீரும் குடித்தேன். அந்த இளநீர் வண்டியோரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அழுது முடிச்சுட்டா ஆட்டோ பிடிக்கணும்."

ஓர் இளநீர் குடிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கம்பெனி எதிரில் இருந்த டீக்கடையில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவன் பினாங்குக்குப் பேசிய கடை அதுதான். வெளிநாட்டு நம்பர் என்று முதலில் யோசித்ததாகவும், இவன் நம்பரை மூச்சு விடாமல் சொன்னதைப் பார்த்துக் கொடுத்துவிட்டதாகவும் கடைக்காரர் சொன்னார். அந்தக் கம்பெனி கேட் காவலாளியும் டீக்கு வந்தார். ஒடிசாக்காரர். அவர் இந்தியில் சொல்லச் சொல்லக் கடைக்காரர் எனக்குத் தமிழாக்கினார்.

லைனில் வேலை செய்கிறவர்கள் யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, படம் எடுத்துவிடுவார்களாம். இசக்கிக்கு மட்டும், அந்தப் பழைய போனுக்கு மட்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதி உண்டு. உள்ளே போகும்போது கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வெளியே வரும்போது பிய்த்துவிடுவார்கள். "இன்னைக்குக் கொண்டுவந்த போனை நான் பார்த்ததே இல்லை. முன்னாலும் ஒரு கண், பின்னாலும் ஒரு கண். பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் மாறும்போது சாவியும் ஆளோடு போய்விட்டது. போனைத் திரும்ப வாங்காமல் இவன் பஸ் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டான். அப்புறம் சாவிக்காரரை வரவழைத்து எடுத்துக் கொடுத்தோம். நான் என்ன செய்ய, தாயே?"

அந்தப் பசை அழுக்கு என்னவென்று அப்போதுதான் விளங்கியது. தினமும் ஒட்டி, தினமும் பிய்த்தது.

"அந்த நம்பர் எப்படில மனப்பாடமா வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"டீச்சர் ஒரு நம்பர மனசுல வைக்கச் சொன்னாங்க. மாறாத நம்பர். உன் வீட்டு நம்பர் மாறவே இல்ல" என்றான். பன்னை டீயில் முக்கினான்.

அறைக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து பழைய போனை எடுத்து, சிம்மையும் என் நம்பரையும் அதற்கு மாற்றிக்கொண்டான். புதியதைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, என் பையின் மேல் வைத்தான். "இது கேட்ல செல்லாது."

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அவனுக்கு வாராந்திர விடுமுறை. காலையில் இட்லி சாப்பிடும்போது சொன்னேன்.

"அம்மா உன்னய ஊருக்கு வரச் சொல்லுதா."

"லீவுக்கா?"

"இல்ல. வந்து அங்கயே இருக்க."

போனைக் கையில் எடுத்தான். காலைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். குளியல், சட்டை, அடுப்பு, பூட்டு, பஸ். பஸ்ஸில் நிறுத்தினான்.

"அங்க எந்த பஸ்?"

"பஸ்ஸெல்லாம் இல்லல. வீட்ல இருக்கலாம்."

"கம்பெனி?"

"அங்க கம்பெனி கிடையாது."

பஸ் படத்தின் மேலேயே விரலை வைத்திருந்தான். மூச்சு மட்டும் பெரிதாக வந்தது. "அப்ப கதவப் பூட்டிட்டு எங்க போவேன்?" என்றான். குரல் உடைந்திருந்தது. இதற்குப் படம் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்காது. வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். கிடைத்தபோது தாங்க முடியவில்லை.

வாசலுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். கூட்டி வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். "நேத்து தொலைஞ்சு போனது அவன் இல்லம்மா, நான்தான். அவன்தான் வந்து என்னயக் கூட்டிட்டு வந்தான்" என்றேன். அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. "நேரத்துக்குச் சாப்புடுதானா?" என்று கேட்டாள். "மணி அடிச்சா சாப்புடுதான்" என்றேன். சரோஜா அம்மா கேட்டுக்கொண்டே கோலமாவு டப்பாவை மூடினார். "அது பாட்டுக்குப் போவும், வரும். இன்னாத்துக்குமா இட்டுகினு போறேன்ற?" என்றார், நான் ஏதோ கடத்திக்கொண்டு போக வந்தவள் மாதிரி.

உள்ளே வந்தபோது தம்பி தலை நிமிராமல் கேட்டான்.

"நீ எப்ப போற?"

முதலில் சுருக்கென்றது. பிறகு பார்த்தேன், எழுதத் தயாராகப் போனை வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை என்றேன். தட்டிக்கொண்டான். என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்ஸி வந்தது. பஸ் நிறுத்தத்தில்தான் ஏறினேன். அவனும் சீருடையில் நின்றான். போனைப் பார்த்தான். இம்முறை பார்த்துவிட்டேன். என் கல்யாணப் படமேதான். கீழே: 'அக்கா போகிறாள். கை காட்டு. கார் மறையும்வரை நில்.'

கை காட்டினான். கார் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததாம். டிரைவர் இன்ஜினை அணைத்தார். திரும்பிப் பார்த்தேன். தம்பி வெயிலில் கை காட்டிக்கொண்டே நின்றான். கார் மறையவில்லையே. அவன் எப்படிப் போவான்?

அவனுக்குப் பின்னால் கம்பெனி பஸ் வந்து நின்றது. பாண்டி ஏறினான். இசக்கி கை காட்டிக்கொண்டிருந்தான். ஏறுல, ஏறுல என்று நான் காருக்குள்ளிருந்து கத்தினேன். அவனுக்கு எப்படிக் கேட்கும்? அவன் போனைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். மறுபடியும் என் காரைப் பார்த்தான். அப்புறம் விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பஸ்காரர் சும்மா நிற்பாரா? சாலையோர மண்ணில் இறக்கி, புழுதி பறக்க எங்களை முந்திக்கொண்டு போனார். ஜன்னலில் தம்பி தெரிந்தான். அவன் கையில் போன்.

என் போனில் படம் ஒன்று வந்தது. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும் என் டாக்ஸி. கீழே எழுதியிருந்தான்:

'அக்கா, நீ இன்னும் போகல.'

'ஆமாம்ல. இன்னும் போகல' என்று அனுப்பினேன்.